செட்டிநாட்டில் நான்கு நாட்கள்: ஒரு காலைக்கு ஓர் இடம் போதும்

சென்னையிலிருந்து நான்கு நாள் விடுமுறைக்கு வருவதாகவும், 70 வயதுத் தாயாரும் 7 வயது மகளும் உடன் வருவதாகவும், குறித்து வைத்திருக்கும் பதினான்கு இடங்களையும் அலைச்சலின்றிப் பார்க்க வழி சொல்லுமாறும் கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பதினான்கில் நான்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; அவற்றையும் காலை வேளைகளில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் சித்தப்பா மகன், செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் கோவில்கள் ஒன்பதையும் இரண்டே நாட்களில் தரிசித்துவிட வேண்டும் என்று குடும்பத்தோடு வந்தான். இளையாத்தங்குடி, மாத்தூர், இரணியூர் என்று நானே வண்டி ஓட்டிக் கூட்டிச் சென்றேன். அடுத்த கோவிலை அடைந்தபோது நடை சாத்தியிருந்தது. உச்சி வெயிலில் வாசல் படியில் காத்திருந்த சித்திக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. இரவு வீடு திரும்பிய பின், இரணியூர்த் தூண்களின் சிற்பங்களை எந்தக் கோவிலில் பார்த்தோம் என்பதே அவர்களில் ஒருவருக்கும் நினைவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இங்குள்ள கோவில்கள் பெரும்பாலும் நண்பகலில் சாத்தப்பட்டு மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும் என்பதால், நடுப்பகலை நிரப்ப முயல்வதே வீண். முதல் நாள் காலை எழுந்ததும் பிள்ளையார்பட்டிக்குச் சென்று, குடைவரையில் வீற்றிருக்கும் கற்பக விநாயகரை நிதானமாகத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். குன்றக்குடி முருகன் கோவில் பக்கத்தில்தானே இருக்கிறது என்று தோன்றும். மலைப்படி ஏறத் தாயாருக்கு இயலுமென்றால் மட்டும் அதைச் சேர்க்கலாம்.

மகளுக்காக ஒரு காலை முழுவதையும், தரையில் பதிக்கும் வண்ணக் கற்களைக் கையால் செய்யும் ஆத்தங்குடிக்குக் கொடுங்கள். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்ததும் கோடுகள் கலையாமல் நிற்பதைக் குழந்தை ஒரு முறை பார்த்தால் அடுத்த கல்லையும் பார்க்க வேண்டும் என்று நிற்பாள். அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையிட்டுச் சமன் செய்து, பின்னர் தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊற வைப்பார்கள். சூளையில் சுடுவதே இல்லை. பத்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்புபவர்கள் இந்த வேலையில் பாதியைக்கூடக் காண்பதில்லை.

திருமயம் கோட்டைக்கு எல்லோரும் போக வேண்டியதில்லை. 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய அக்கோட்டையில் ஏற விரும்புபவர் விடியற்காலையில் புறப்பட்டுப் போய்வர, தாயார் தங்குமிடத்திலேயே இருக்கட்டும். குடும்பமாக வந்தால் எல்லா இடத்துக்கும் ஒன்றாகவே போக வேண்டும் என்ற எண்ணம்தான் முதியவர்களை அதிகம் களைப்பாக்குகிறது. மீதமுள்ள காலை, செட்டியார்களின் பெரிய வீடுகள் நிறைந்த கானாடுகாத்தான் தெருக்களில் நடப்பதற்கு.

கானாடுகாத்தானில் தங்கும் விடுதிகளாக மாற்றப்பட்ட பழைய வீடுகள் உள்ளன. அப்படி ஒன்றில் தங்கினால், மதியச் சாப்பாட்டுக்குப் பின் வளவின் (முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் உட்பகுதியின்) ஓரத்தில் பாயை விரித்துப் படுத்து, திறந்த முற்றத்தின் வழியே இறங்கும் வெயில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த வீடுகளை அறிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வழிகாட்டியின் பின்னால் நடந்து வருவது வேறு. அங்கேயே தூங்கி எழுவது வேறு.

பலகாரம் வாங்குவதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். தேன்குழலுக்கும் மனகோலத்துக்கும் இரண்டாம் நாளே சொல்லி வைத்துவிட்டால், சென்னைக்குச் செல்லும் பல்லவன் ரயில் அதிகாலையிலேயே புறப்படுவதால் முந்தின மாலையில் பையைக் கட்டுவதைத் தவிர உங்களுக்கு வேறு வேலை இருக்காது.