‘மணி’யை ‘மனி’ என்கிறாள், நாக்குச் சவ்வை வெட்ட வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. ‘மணி’யை ‘மனி’ என்கிறாள், ‘கண்ணு’ என்பது ‘கன்னு’ ஆகிவிடுகிறது. எழுதும்போது ந, ன இரண்டையும் மாற்றிப் போடுகிறாள். நாக்கின் அடிச்சவ்வை வெட்டிவிட்டு ஆறு மாதப் பயிற்சி கொடுக்கலாம், முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டுங்கள் என்று ஒரு பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். முதலில் அவளை ‘பட்டம்’, ‘வண்டி’ என்று சொல்லச் சொல்லுங்கள். இரண்டும் தெளிவாக வந்தால் நாக்கு நன்றாகவே மடிகிறது, ஏனென்றால் ட-வுக்கு நாக்கு போய்த் தொடுகிற இடம்தான் ண-வுக்கும். சவ்வு இழுத்துப் பிடித்தால் ட, ள, ழ, ர எல்லாமே தடுமாறும், ண மட்டும் தனியாக மாட்டாது. ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் ண கிடையாது, அந்தக் குழந்தைகளின் நாக்கும் இதே நாக்குதான். கேட்டுக் கேட்டுப் படிகிற ஒலி இது, பல குழந்தைகளுக்குத் தாமதமாகத்தான் படியும். வசம்பும் தேய்க்க வேண்டாம்.

ந, ன விஷயம் பேச்சுக் கோளாறே இல்லை. மலையாளத்தில் இன்றும் இரண்டும் வேறு வேறு ஒலி, நம்மில் பெரும்பாலானோருக்கு ஒன்றாகிவிட்டது. சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னும் ந, மற்ற இடங்களில் ன, அவ்வளவுதான். தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்று பெயரிலேயே எதோடு எது சேரும் என்று இருக்கிறது, அதைச் சொல்லித்தராமல் ரெண்டு சுழி, மூணு சுழி என்று ஒப்பிக்க வைத்துவிட்டு நோட்டில் சிவப்பு மையால் சுழித்து அனுப்புகிற பள்ளிகளை என்ன சொல்வது!

நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது மூக்கை. ‘ம்ம்ம்’ என்று இழுக்கச் சொல்லி மூக்கைப் பிடியுங்கள், சத்தம் நின்றுவிடும். வாய் மூடியிருக்க, உள்நாக்குப் பக்கம் உள்ள மென்மையான அண்ணம் கீழே இறங்கி, காற்று மூக்கு வழியாக வந்தால்தான் மெல்லினம். மூக்கடைத்தால் ‘அம்மா’வின் ம, ‘பம்பரம்’ என்பதில் இரண்டாவதாக வரும் ப போல ஆகும். வருஷம் முழுக்க அப்படிப் பேசி, வாயைத் திறந்து தூங்கினால் அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உலக மொழிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ம, ன இருக்கின்றன. விதிவிலக்கு ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் சியாட்டில் நகரைச் சுற்றியுள்ள கடற்கரையில் லஷூட்சீட் என்ற பழங்குடி மொழி உண்டு. அதன் சாதாரணப் பேச்சில் மூக்கொலியே கிடையாது, பழைய கதைகளில் சில பாத்திரங்கள் பேசும்போது வருவதோடு சரி. முன்பு ம, ன இருந்த இடத்தில் அந்தப் பம்பரத்துப் ப-வும் ‘வண்டி’யில் வருகிற ட-வும் போன்ற ஒலிகள் வந்துவிட்டன. ஆங்கில வரைபடத்தில் ‘ஸ்னோஹோமிஷ்’ என்று இருக்கும் மக்களின் பெயர் அவர்கள் வாயில் ஏறக்குறைய ‘ஸ்டுஹுப்ஷ்’. அவர்கள் யாருக்கும் மூக்கடைப்பு இல்லை, மொழியே அப்படி! உங்கள் மகள் காதில் விழுவது தமிழ், ஆகவே அவளுக்கு ம வராவிட்டால் மூக்கைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. மூக்கடியில் சிறு கண்ணாடியை வைத்து ‘பாப்பா’ சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது கண்ணாடி மங்கினால் காற்று தப்பான வழியில் போகிறது, தோலுக்கு அடியில் அண்ணப் பிளவு மறைந்திருக்கலாம். அதில் மட்டும் தாமதிக்காதீர்கள்.

மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் குழந்தைகளுக்கு இதெல்லாம் இலவசம். இதை எந்தப் பள்ளியும் பெற்றோருக்குச் சொல்வதில்லை, போனாலும் வரிசையில் காத்திருக்கத்தான் வேண்டும், ஆனாலும் போங்கள். தனியாரிடம்தான் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். காது கேட்கும் திறனைச் சோதிக்காமலே ஆறு மாதப் பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.