டிரம்மில் சாகும் தோல்

ஐயா வணக்கம்.
பேரணாம்பட்டில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் மெயில் எழுதுவது என் வேலை. டை, லூஸ், அட்வைஸ், எஃபெக்ட் என்று வந்தால் எந்த எழுத்துப் போடுவது என்று கை நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டரும் சிவப்புக் கோடு போடுவதில்லை. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தும் நிற்கவில்லை.
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சிவப்புக் கோடு எப்படி வரும்? நீங்கள் மாற்றிப் போடும் சொல்லும் அகராதியில் உள்ளதுதானே. பட்டியலை விடுங்கள்.

உங்கள் தொழிலில் ஆபத்தானது டை. சாயத்துக்கு டி, ஒய், இ. சாவுக்கும், ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, வெட்டும் இரும்பு அச்சுக்கும் டி, ஐ, இ. இதுவரை சிக்கலில்லை. 'இங்' சேரும்போதுதான் கவிழ்கிறது. 'மேக்' கடைசி இ-யை உதறிவிட்டு 'மேக்கிங்' ஆவதைப் பழகிய கை, சாயத்திலும் இ-யை உதறிவிடும். சாவுச் சொல்லோ ஐ-யும் இ-யும் போய் ஒய் வந்து அதே உருவத்தில் நிற்கும். 'தோல் டிரம்மில் டையிங் ஆகிறது' என்று நீங்கள் அனுப்ப, அங்கே அது 'செத்துக்கொண்டிருக்கிறது' என்று போய்ச் சேரும். சாயத்தில் இ-யை விடவே கூடாது: டி, ஒய், இ, ஐ, என், ஜி.

அட்வைஸும் லூஸும் காது செய்யும் கோளாறு. நமக்கு 'ஸ்' ஒன்று. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஒலி இரண்டு. தொண்டையில் விரல் வைத்துப் பாம்பு போலச் சீறுங்கள், அதிர்வு இராது. வண்டு போல ரீங்கரியுங்கள், அதிரும். அதிராத அட்வைஸ் ஆலோசனை, பெயர்ச்சொல், அதற்கு சி. அதிர்வது வினை, அதற்கு எஸ். ஷிப்மென்ட் தேதி கேட்டு 'ப்ளீஸ் அட்வைஸ்' என்பதில் எஸ். பேமென்ட் அட்வைஸ் ஒரு தாள், ஆகவே சி. லூஸ் அதிர்ந்தால் இழப்பது, ஓ ஒன்று. அதிராவிட்டால் தளர்வு, ஓ இரண்டு. தோலின் மேல்பக்கம் உள்ளே வரும்படி மடித்தால் பெரிய சுருக்கம் விழுமே, அந்த லூஸ் கிரெய்னுக்கு ஓ இரண்டு. மேல் அடுக்கு அடியில் உள்ளதோடு பிடிப்பில்லாமல் தளர்ந்திருப்பதால் வந்த பெயர் அது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஹைட், ஸ்கின். தமிழில் இரண்டும் தோல்தான் என்பதால் தப்பு என்றே தோன்றாது. மாடு, எருமை என்றால் ஹைட். ஆடு, செம்மறி, கன்று என்றால் ஸ்கின். ஆட்டுத்தோலை ஹைட் என்று விலைப்பட்டியலில் போட்டால், வாங்குபவர் ஆட்டைச் சந்தேகிப்பார், இல்லாவிட்டால் உங்களை.

ஏ-யில் தொடங்கும் அஃபெக்ட் பெரும்பாலும் வினை, பாதிப்பது. இ-யில் தொடங்கும் எஃபெக்ட் பெயர், விளைவு. முன்னால் 'அன்' வைத்துப் பாருங்கள், பொருந்தினால் இ. ஆனால் நிறைவேற்றுவது என்ற பொருளில் இ-யில் தொடங்கும் வினையும் உண்டு. பேங்க் கடிதத்தில் 'எஃபெக்ட் பேமென்ட்' என்று வந்தால் திருத்தப் போகாதீர்கள்.