டெஸ்ட் பாசிட்டிவ், மருந்து 25%: மருத்துவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: மூன்று நாள் காய்ச்சல், வைடல் (டைபாய்டுக்கான ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ். டைபாய்டு என்று சிகிச்சை தொடங்கலாமா?

ப: அந்த ஒரு ரிசல்ட்டை மட்டும் நம்பி வேண்டாம். மூன்றாம் நாளில் ஆன்டிபாடி பெரும்பாலும் ஏறியிருக்காது. பழைய தொற்றாலும் வேறு காய்ச்சல்களாலும் டைட்டர் (ஆன்டிபாடியின் அளவு) உயர்ந்து நிற்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வரும் 100 காய்ச்சல்காரர்களில் 10 பேருக்கு டைபாய்டு, டெஸ்டின் சென்சிடிவிட்டி (நோயுள்ளவர்களில் பாசிட்டிவ் வரும் விகிதம்), ஸ்பெசிபிசிட்டி (நோயில்லாதவர்களில் நெகட்டிவ் வரும் விகிதம்) இரண்டும் 80% என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ள 10 பேரில் 8 பேருக்குப் பாசிட்டிவ் வரும். நோயில்லாத 90 பேரில் 18 பேருக்கும் வரும். ஆக, 26 பாசிட்டிவில் 8தான் உண்மை.

ஆன்டிபயாடிக்குக்கு முன் பிளட் கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம் வேண்டும். 2 மி.லி. அனுப்பிவிட்டு, வளர்ச்சி இல்லை என்று வந்ததை வைத்து டைபாய்டை ஒதுக்கிவிடக் கூடாது. நோயாளி தளர்ந்திருந்தால் கல்ச்சர் எடுத்த கையோடு சிகிச்சையைத் தொடங்குங்கள். இதேபோலக் காய்ச்சல் தரும் ஸ்க்ரப் டைபஸையும் (சிறு பூச்சிக் கடியால் வரும் தொற்று) மறக்காதீர்கள். அதன் கருகிய புண் வலிக்காது, நோயாளியும் சொல்லமாட்டார்; அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களைத் துணி விலக்கிப் பார்த்தே ஆக வேண்டும்.

கே: ஒரு மருந்து ‘மாரடைப்பை 25% குறைக்கும்’ என்று மெடிக்கல் ரெப் சொல்கிறார். அதை எழுதலாமா?

ப: எத்தனையிலிருந்து எத்தனைக்கு, எத்தனை ஆண்டில் என்று கேளுங்கள். மாரடைப்பு வரும் வாய்ப்பு 40%இலிருந்து 30% ஆனாலும் 25% குறைவுதான். 4%இலிருந்து 3% ஆனாலும் அதேதான். முன்னதில் 10 பேர் சாப்பிட்டால் ஒருவர் தப்பிப்பார், பின்னதில் 100 பேர் சாப்பிட வேண்டும். நோயாளியிடமும் இப்படி ஆள் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும்.

கே: மருந்து கொடுத்ததும் ஈசிஜி சீராகிறது. அது போதாதா?

ப: போதாது. மாரடைப்புக்குப் பின் வரும் வென்ட்ரிகுலர் எக்டோபிக்ஸை (இதயக் கீழறையில் எழும் கூடுதல் துடிப்புகளை) என்கைனைடு, பிளெக்கைனைடு என்ற மருந்துகள் நன்றாகவே அடக்கின. ஆனால் 1989இல் வெளிவந்த காஸ்ட் ஆய்வில், பிளாசிபோ (மருந்தில்லாத போலி மாத்திரை) பெற்றவர்களைவிட இவற்றைச் சாப்பிட்டவர்களே அதிகம் இறந்தார்கள். உயிர், பக்கவாதம், ஆஸ்பத்திரி அட்மிஷன் இவற்றில் என்ன மாறியது என்று தேடுங்கள்.

கே: ஆய்வின் ஒரு துணைக்குழுவில் (வயது, பாலினம் போன்றவற்றால் பிரித்த ஒரு பகுதியினரில்) மட்டும் பலன் இல்லை என்கிறார்கள். அந்தக் குழுவினருக்கு மருந்தை நிறுத்தலாமா?

ப: அவசரப்படாதீர்கள். 1988இன் ஐசிஸ்-2 ஆய்வில் ஆஸ்பிரின் மாரடைப்பு மரணங்களைத் தெளிவாகக் குறைத்தது. பிறந்த தேதிப்படி ராசி பிரித்தபோது மட்டும் மிதுனம், துலாம்காரர்களுக்குப் பலனில்லை என்று வந்தது! துண்டுபோடப் போட தற்செயல் உள்ளே வரும். அந்தத் துணைக்குழு முன்கூட்டியே திட்டமிடப்பட்டதா, இன்டராக்‌ஷன் டெஸ்ட் (குழுக்களுக்கிடையே பலன் உண்மையிலேயே வேறுபடுகிறதா என்று பார்க்கும் கணக்கு) போட்டார்களா, இன்னோர் ஆய்விலும் அதே முடிவு வந்ததா என்று பாருங்கள். அதுவரை ஆய்வின் மொத்த முடிவையே பின்பற்றுங்கள்.