பழைய வீட்டில் கிடைத்த தோட்டா எந்தக் காலத்தது? விலை போகுமா?

கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: பூர்வீக வீட்டைப் பிரிக்கும்போது பரணில் ஒரு பித்தளைத் தோட்டா கிடைத்திருக்கிறது. அதன் அடியில் கே, எஃப், 42, ரோமன் எழுத்தில் ஏழு. பழைய சாமான் வாங்கும் ஒருவர், 42 என்றால் 1842, கம்பெனிக்காரன் காலத்துப் பொருள், லட்சக்கணக்கில் போகும், பார்ட்டியைக் கூட்டி வருகிறேன், செலவுக்கு முன்பணம் வேண்டும் என்கிறார்.

முன்பணம் கொடுக்காதீர்கள். இரிடியம் கலசத்துக்குச் சொன்ன கதையைத்தான் இப்போது தோட்டாவுக்குச் சொல்கிறார்கள்.

உங்களிடம் இருப்பது 303 ரைஃபிள் தோட்டா. (303 என்பது குழலின் அளவு, ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் 303 பங்கு.) கே எஃப் என்பது புனே பக்கத்தில் உள்ள கிர்க்கி தோட்டாத் தொழிற்சாலையின் அடையாளம். ரோமன் ஏழு என்பது ஏழாம் மார்க், 1910-இல் வந்த ரகம். 303 ரைஃபிளே பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது 1888-இல்தான். ஆகவே அந்த 42 என்பது 1942 மட்டுமே. 1842-இல் சிப்பாயின் இடுப்புப் பையில் இருந்தது காகிதத்தில் சுற்றிய மருந்தும் ஈயக் குண்டும். அடியில் கேப் (ஊசி குத்தினால் தீப்பொறி தரும் சின்ன மூடி) வைத்த பித்தளைத் தோட்டா அந்தப் படையில் யாரும் கண்ணால் பார்க்காத பொருள். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது மலைமலையாகச் செய்து தள்ளிய சரக்கு உங்களுடையது. அபூர்வம் ஒன்றும் இல்லை.

அடியில் கேப் நடுவே ஊசி குத்திய பள்ளம் இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பாருங்கள். பள்ளம் இல்லை, முனையில் குண்டும் இருக்கிறது என்றால் அது உயிருள்ள தோட்டா. குண்டைப் பிடுங்குவது, சாம்பல் போட்டுத் தேய்ப்பது, அடுப்புப் பக்கம் காயவைப்பது எதுவும் வேண்டாம். எண்பது வருஷப் பழசு என்பதால் அடங்கிப் போயிருக்கும் என்று நினைக்காதீர்கள். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதும் 1959 ஆயுதச் சட்டப்படி சிக்கல். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, எழுத்தில் ஒப்படைத்து, அதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தே வைத்திருந்தாரா என்பதைத்தான் நீதிமன்றங்கள் கேட்கின்றன. கேள்வியாகவே எழுதிப் போட்டுவிட்டீர்கள், இனி தெரியாது என்று சொல்ல முடியாது. (நான் வக்கீல் இல்லை. சட்டப் பிரிவில் தப்பு கண்டுபிடிக்க வருகிறவர்கள் கேள்வி கேட்டவருக்கு நல்ல வக்கீலாகப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.)

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர், "அடியில் இருக்கும் நம்பரைக் கூகுளில் போட்டால் தெரிந்துவிடும், இதற்கெல்லாம் ஒரு பதிலா" என்று எழுதியிருக்கிறார். அந்த நம்பரை நம்பி ஒரு குடும்பம் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் கணக்கு எழுதுபவனாகச் சேர்ந்து, கடைசியில் ஸ்டாக் முழுவதையும் பார்க்கிறவனாக ஓய்வு பெற்றேன். துப்பாக்கி மீது எனக்குக் காதல் எல்லாம் கிடையாது. ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் தோட்டா விஷயம் பிடித்துப் போனது. காரணம், நம் ஊரில் புழங்கிய தோட்டாக்களில் பாதிக்கு மேல் வேட்டைக்காரன் ஆசையாலோ விஞ்ஞானி மூளையாலோ பிறந்தவை அல்ல, வெள்ளைக்காரனின் பயத்தில் பிறந்தவை.

1857 கலகம் முடிந்ததும், இந்தியச் சிப்பாய்களுக்கு என்று என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் இருந்த சுருள் வரிகளைக் கடைந்து எடுத்து வழுவழுப்பாக்கிக் கொடுத்தார்கள். தூரத்துக் குறி தப்பட்டும் என்றுதான். அதன் பிறகும் வெள்ளைப் படையிடம் மார்ட்டினி-ஹென்றி வந்தபோது நம் ஆட்களுக்குப் பழைய ஸ்னைடர், அவர்கள் 303-க்குப் போனபோது நம் ஆட்களுக்கு அந்த மார்ட்டினி. எப்போதும் ஒரு படி பின்னால்.

வேட்டைத் துப்பாக்கியையும் விடவில்லை. 1898-இல் லண்டன் ரிக்பி கம்பெனி கொண்டுவந்த 450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டா, யானை, காட்டெருமை வேட்டைக்குப் பேர்போனது. ஆனால் ராணுவ மார்ட்டினியின் குண்டும் அதே 450 அளவு. ஒருவன் கையில் உள்ள சரக்கு இன்னொருவன் துப்பாக்கிக்குப் போய்விடும் என்று பயந்து, இந்தியாவுக்குள் 450 போர் (bore, குழல் அளவு) வரக்கூடாது என்று தடை போட்டார்கள். லண்டன் கம்பெனிகளுக்கு இந்திய வியாபாரம் போனால் என்ன மிஞ்சும்? 1907-ஐ ஒட்டி ஆளாளுக்கு ஓர் அளவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் 500/465 செய்தது. 470, 475, 476 எல்லாம் அந்த இடத்தைப் பிடிக்கப் போட்டி போட்டவை. இவற்றில் நன்றாக நிலைத்தது 470. மற்றவை இன்று சேகரிப்பாளர்கள் தேடும் சரக்கு.

போலீஸ் 'மஸ்கட்' கதையும் இதேதான். 303 ரைஃபிளையே 410 அளவுக்குக் கடைந்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா என்று ஆக்கி, போலீசுக்கும் சிறைக் காவலுக்கும் கொடுத்தார்கள். அதற்கான தோட்டா, கழுத்து ஒடுக்காத 303 பித்தளை. துப்பாக்கி திருடு போனாலும் ராணுவ 303 அதில் சரியாக வேலை செய்யாது, அந்தத் தோட்டா ராணுவ ரைஃபிளுக்கும் ஆகாது. கடைகளில் கிடைக்கும் 410 ஷாட்கன் தோட்டாவும், தோட்டா உட்காரும் சேம்பரைக் கடையாமல் அதற்குள் இறங்காது. இந்தத் தோட்டாவைக் கொள்ளைக்காரன் 303-ஐ அறுத்துச் செய்தது என்று என்னிடம் சத்தியம் பண்ணியவர்கள் உண்டு. அறுத்திருந்தால் நீளம் குறைந்திருக்குமே ஐயா, வெர்னியர் அளவுகோல் வைத்துப் பாருங்கள் என்பேன். வாய்ப் பக்கம் அகலமாக இருக்கிறதே ஒழிய, உடம்பும் அடியும் அப்படியே 303.

சரி, அந்தக் குடும்பத்துக்கு வருகிறேன். எஸ்டேட் ஒன்றில் பெரிய வேலையில் இருந்தவர் இறந்துபோனார். லைசென்ஸ் அவர் பெயரில் மட்டும். அப்படி நேர்ந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும், சட்டத்தின் 21-ஆம் பிரிவு அதுதான். அவருடைய மனைவி, மருமகனைக் கூட்டிக்கொண்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு கடைக்கு வந்தார். பெட்டியில் டபுள் பேரல் ரைஃபிள் ஒன்று, மூலை மடிந்த பழைய தோட்டா டப்பாக்கள் சில. பட்டியல் எடுத்து, ரசீது கொடுத்து, நகலை லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்துக்கு அனுப்பினோம். லைசென்ஸ் புத்தகத்தில் "465 போர் ரைஃபிள் 1" என்று இருந்தது. டப்பாவின் லேபிளில் 500/465. நான் லேபிளில் இருந்தபடியே எழுதினேன்.

அங்கேதான் பிடித்தது சனி. அலுவலகத்தில் அந்தப் பிரிவைப் பார்த்தவர் கேட்ட கேள்வி: "465-க்கு லைசென்ஸ் இருக்கு. 500 துப்பாக்கி எங்கே?"

அந்த அம்மாவைத் திரும்பத் திரும்ப வரச் சொன்னார்கள். புருஷன் போன துக்கம் ஆறாத வீட்டில், இல்லாத துப்பாக்கியை எங்கே ஒளித்து வைத்தீர்கள் என்று விசாரணை. மருமகன் பயந்துபோய், அந்த டப்பாக்கள் தங்களுடையதே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று என்னிடம் வந்து கேட்டார். எழுதியிருந்தால் கதை முடிந்திருக்கும்!

நான் போய்ச் சொன்னேன். பிரிட்டிஷ்காரன் இப்படி இரண்டு எண் போட்டால் முதல் எண் தாய்த் தோட்டா, இரண்டாவது குண்டின் அளவு. 500 தோட்டாவின் உடம்பை எடுத்து, வாயை சோடா பாட்டில் கழுத்துபோல ஒடுக்கி, 465 குண்டைச் செருகியிருக்கிறார்கள், துப்பாக்கி ஒன்றுதான் என்றேன். மார்ட்டினியின் 577/450-யும் அதே கணக்கு, ஸ்னைடருடைய 577-ஐ ஒடுக்கியது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கள் என்ன எக்ஸ்பர்ட்டா, கடையில் கணக்கு எழுதுகிறவர்தானே" என்றார். ஆமாம், கணக்கு எழுதுகிறவன்தான். அதனால்தான் எண்ணைக் கண்டால் அது எதை எண்ணுகிறது என்று கேட்கும் பழக்கம் எனக்கு.

கடைக்கு வந்து வெர்னியரை எடுத்தேன். தோட்டாவின் நீளம், அடி விளிம்பு, உடம்பு, கழுத்து, குண்டு எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் படம் போட்டேன். அப்புறம் ரைஃபிளைக் கழற்றிக் குழலின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் சோதனைச்சாலை முத்திரை அங்கேதான் இருக்கும், கார்டைட் மருந்தின் எடையும் குண்டின் எடையும் சேர்த்துக் குத்தியிருப்பார்கள். 480 கிரெய்ன் குண்டு என்று இருந்தது. டப்பா லேபிளிலும் அதே 480. இரண்டையும் எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, கடை முத்திரை வைத்துக் கொடுத்தேன். அதே மனிதர் அதை வாங்கிக் கோப்புக்குள் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு மாற்றலில் வந்த மேலதிகாரி ஒருவர் கோப்பைப் புரட்டியபோது படத்தைப் பார்த்து, "இது ஒரே துப்பாக்கிதானே, இதற்கு எதற்கு இத்தனை காகிதம்" என்று முடித்து வைத்தார். அந்த அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

ஆக, அந்த "நம்பரைக் கூகுளில் போடு" நண்பருக்கு: நம்பர் ஒவ்வொரு ஊரில் ஒவ்வொன்றைச் சொல்லும். அமெரிக்காவின் 45-70-இல் எழுபது என்பது கருமருந்தின் எடை. 30-06-இல் ஆறு என்பது 1906. 303-இன் குண்டை அளந்தால் 311 வரும், ஏனென்றால் 303 என்பது வரி வெட்டுவதற்கு முந்தைய குழல் அளவு. பன்னிரண்டு போர் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை. ஜிம் கார்பெட் வைத்திருந்த 275 ரிக்பியின் தோட்டா, ஜெர்மானிய 7x57 மவுசர்தான். பெயர் பலகை மட்டும் வேறு. அதனால் முதலில் அளவு, அப்புறம் அடி எழுத்து, அதற்கும் அப்புறம்தான் பெயர்.

எழுத்தே இல்லாதவையும் வரும். பழைய மார்ட்டினி, ஸ்னைடர் தோட்டாக்கள் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி இரும்பு அடியில் பொருத்தியவை. சுருள் விளிம்பு விரலில் தட்டினால் காலம் ஏறக்குறைய தெரிந்துவிடும், 1885 வாக்கில்தான் மார்ட்டினிக்கு முழுப் பித்தளை இழுத்துச் செய்தார்கள். பக்கவாட்டில் சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அது பின்ஃபயர், அதைத் தட்டிப் பார்க்கவே கூடாது, கம்பிதான் ஊசி. 303-இல் கேப்பைச் சுற்றி ஊதா வளையம் என்றால் சாதாரணக் குண்டு, சிவப்பு டிரேசர் (பறக்கும்போது ஒளிவிட்டு வழிகாட்டுவது), பச்சை கவசம் துளைப்பது, நீலம் தீ வைப்பது. உங்களுடையதில் ஊதாவின் மிச்சம் இருக்கலாம்.

கழுத்தில் நெடுக்குவாக்கில் கீறல் விட்டிருந்தால் யாரோ உடைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டு மழைக்காலத்தில், குதிரை லாயங்களில் வைத்திருந்த பிரிட்டிஷ் தோட்டாக்கள் தானாக வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்து அமோனியாவும், இழுத்து ஒடுக்கிய பித்தளையில் மிஞ்சிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921-இல்தான் விளங்கியது. கழுத்தைச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் மருந்து. பல தோட்டாக்களின் கழுத்தில் நீலம் பாய்ந்த கறை இருப்பது அதனால், அது துருவும் இல்லை, தீ விபத்தும் இல்லை.

இதையெல்லாம் பேசும்போது எனக்கு இன்னொரு எரிச்சலும் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், படிக்க வேண்டாம் என்பவர்கள் கடைசிப் பத்திக்குப் போகலாம். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காட்டுப்பன்றிக்குப் பயந்து ஒரு பழைய மருந்துத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயியும் அதே வரிசையில் நிற்கிறார். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கிறது. துப்பாக்கி உள்ளே இருக்கும் நாட்களில் மரவள்ளியைப் பன்றி உழுதுவிடும். திரும்ப வாங்கும்போது குழலில் துரு. எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்க ஆள் இல்லை என்பார்கள். துடைத்து வாங்கிக்கொண்டு போகக் கடைக்கு வருவார்கள், அந்தக் கூலியும் அவர்கள் தலையில்தான். 303 ராணுவ அளவு என்று தனியாருக்குத் தடை, 315 கிடைக்கும். அந்த 315 யாருடையது தெரியுமா? ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ராணுவத் தோட்டா, 8x50 மன்லிகர். அந்தப் பேரரசு 1918-இல் போய்விட்டது, தோட்டா இங்கே லைசென்ஸ் புத்தகத்தில் உயிரோடு இருக்கிறது. வெள்ளைக்காரன் பயந்து போட்ட அளவுகளை நாம் இன்னும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம். இதைச் சொன்னால் துப்பாக்கிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

விலை கேட்டிருந்தீர்கள். உங்கள் கே எஃப் 42-க்கு உரிமம் இல்லாமல் விற்கவோ வாங்கவோ வழி இல்லை, அதனால் விலையும் இல்லை. ஒப்படைக்கும் முன் அடிப்பக்கத்தைத் தெளிவாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ரசீதில் அந்த எழுத்துகளையும் எண்ணையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். "பழைய தோட்டா 1" என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.