எங்கட ஆக்களைப் பற்றியே தீசிஸ் எழுதினால் சுகமோ எண்டு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நோர்வேயில பேர்கன் யூனிவர்சிட்டியில சமூக மானுடவியல் மாஸ்டர்ஸுக்கு இடம் கிடைச்சிருக்கு எண்டு எழுதியிருந்தீங்கள், சந்தோசம். நாலு கேள்வி கேட்டிருக்கிறீங்கள். தீசிஸை இஞ்ச இருக்கிற தமிழ் ஆக்களைப் பற்றியே செய்தால் சுகம்தானே, எப்ப எழுதத் தொடங்கிறது, ரூம் வாடகை என்ன, என்ன ஜாக்கெட் வாங்கிறது. ரூமுக்கும் ஜாக்கெட்டுக்கும் பதில் சொல்ல இஞ்ச ஆயிரம் பேர் இருக்கினம். ஆனா அந்த "சுகம்தானே" எண்டதை வாசிச்ச உடன எனக்கு 2007 தை மாசம் கண்ணுக்கு முன்னால வந்திட்டுது. நானும் அப்பிடித்தான் நினைச்சனான்.

முதல்ல ஒண்டு. ரெண்டு வருஷப் படிப்பு, 120 புள்ளி (கிரெடிட்), அதில 60 புள்ளி தீசிஸுக்குத்தான். நடுவில ஆறு மாசமளவில களவேலை. ஊரில நாங்கள் பழகின மாதிரி வினாக்கொத்து அடிச்சு நூறு பேரிட்ட நிரப்பி வாங்கி வீதம் போடுற வேலை இல்லை இது. சனத்தோட போய் இருக்கோணும், அவை செய்யிறதைச் செய்யோணும், பாக்கோணும். நான் 2005ல வந்தபோது ஃபீஸ் இல்லை, 2023ல இருந்துதான் ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வாற ஆக்களிட்ட காசு வாங்கினம். அதால ரெண்டு மாசம் வீணாப் போனால் எனக்குப் பட்ட நட்டத்தை விட உங்களுக்குக் கூட.

எனக்கு வீணாப் போனது சரியா ரெண்டு மாசம். பின்மார்க்கில, நோர்வேயின்ர வடக்கு அந்தத்தில, ஒரு சின்ன மீன்பிடி ஊருக்குப் போனனான். 80களில படிக்க எண்டு விடுதிப் பள்ளிக்கூடங்களுக்கு வந்த எங்கட பெடியள் கனபேர் பிறகு வடக்க போய் மீன் ஃபாக்டரிகளில சேர்ந்தவை, அவையின்ர குடும்பங்கள் அங்க இருந்தது. நான் போகேக்க சூரியனே வரேல்லை, மத்தியானம் ஒரு நீல வெளிச்சம் ரெண்டு மணித்தியாலம், அவ்வளவுதான். ஒவ்வொரு வீடாப் போய், சாப்பிட்டு, ரெக்கோர்டரை மேசையில வைச்சுக் கேள்வி கேட்டன். பதினாலு வீடு. பதினாலு வீட்டிலயும் ஒரே பதில், "முதல் கஷ்டம், இப்ப பழகீட்டுது, பிள்ளையளுக்காகத்தான்." ஏனெண்டால் நான் கேள்வி கேக்க முதலே அவை என்னட்டக் கேட்டிடுவினம், பிள்ளை எந்த ஊர், ஆற்ற மகள், கோயிலடியோ ரோட்டுப் பக்கமோ. அந்த மூண்டு கேள்வியில என்னை எங்க வைக்கிறது எண்டு முடிவு செய்து போட்டு, அதுக்கு ஏற்ற மாதிரித்தான் கதைப்பினம். வெள்ளைக்கார மாணவிக்கு விளங்கப்படுத்திச் சொல்லுறதை எனக்குச் சொல்லமாட்டினம், "உனக்குத் தெரியும்தானே" எண்டு விட்டிடுவினம். நானும் தெரியும் எண்டு தலையாட்டிப் போட்டு வந்திடுவன். சொந்தச் சனத்துக்குள்ள களவேலை செய்யிறதில பெரிய பள்ளம் அந்தத் தலையாட்டல்தான். தயவுசெய்து தலையாட்டாதேங்கோ, "எனக்குத் தெரியாது அக்கா, சொல்லுங்கோ" எண்டு கேளுங்கோ.

மேற்பார்வையாளருக்குக் குறிப்பை அனுப்பினன். "எல்லாரும் என்ன சொன்னவை எண்டு இருக்கு, என்ன செய்தவை எண்டு ஒரு வரியும் இல்லையே" எண்டு பதில் வந்தது. அழுதனான். பிறகு அந்த ஃபாக்டரியில கேட்டு வேலைக்குச் சேர்ந்தன்.

அங்க லைட் மேசை எண்டு ஒண்டு இருக்கு, மேல் பக்கம் வெள்ளைப் பலகை, கீழ இருந்து லைட் அடிக்கும். கொட் மீன், இஞ்ச தொர்ஸ்க் எண்டுவினம், அதின்ர துண்டை அதில வைச்சால் தசைக்குள்ள சுருண்டு கிடக்கிற புழுவும் மிச்ச முள்ளும் தெரியும், கத்தி நுனியால கிண்டி எடுக்கோணும். பருத்திக் கையுறைக்கு மேல ரப்பர் கையுறை, அப்பிடியும் பத்து மணிக்கு விரல் மரத்துப் போடும். மேசையடியில தமிழ், நோர்வே, லித்துவேனியா எல்லாரும் தோளோட தோள் நிண்டு, உடைஞ்ச வடக்கு நோர்வே மொழியில பகிடி விட்டுக்கொண்டு நிப்பினம். இடைவேளை மணி அடிச்சால் போதும், மூண்டு மேசையாப் பிரிஞ்சிடுவினம். எங்கட ஆக்கள் பிளாஸ்கில தேத்தண்ணி கொண்டு வருவினம், கோப்பி மெசின் பக்கம் போகாயினம். அங்க ஒரு வழக்கம், கடைசிக் கோப்பியை ஊத்தினவர்தான் அடுத்த கேத்தல் போடோணும். "தமிழ் ஆக்கள் ஒருநாளும் கோப்பி போடாயினம், எங்களோட சேரவும் மாட்டினம்" எண்டு நோர்வே ஆக்களுக்கு மனத்தாங்கல். "அவையின்ர கோப்பியை நாங்கள் ஏன் குடிப்பான், மரியாதை இல்லை" எண்டு எங்கட ஆக்கள். இந்தப் பதினைஞ்சு நிமிசம்தான் என்ர தீசிஸ். பேர்கன் மானுடவியல் துறையைத் தொடக்கின ஃபிரெட்ரிக் பார்த் 1969ல தொகுத்த புத்தகத்தில சொன்னது அதுதானே, கலாசாரத்துக்குள்ள என்ன இருக்கு எண்டதை விட எல்லை எப்பிடிக் காப்பாற்றப்படுது எண்டதைப் பார் எண்டு. கோப்பி மேசையடியில நிக்கேக்கதான் எனக்கு அது விளங்கினது.

எழுதிறது எப்ப எண்டால், களவேலைக்குப் போன முதல் நாள் இரவில இருந்தே. நாளைக்கு எழுதுவம் எண்டு விட்டால் ஆர் எங்க இருந்தவை, ஆர் எழும்பிப் போனவை எண்டது போயிடும், கருத்து மட்டும்தான் மிஞ்சும். திரும்பி வந்து கோட்பாட்டு அத்தியாயத்தில தொடங்காதேங்கோ, மூண்டு மாசம் அதிலயே போகும். உங்களை விடாமல் வந்துகொண்டிருக்கிற ஒரு காட்சியை நாலு பக்கம் எழுதுங்கோ, மிச்சம் அதைச் சுத்தி வரும். புரொபோசலில எழுதின கேள்வி மாறும், மாறட்டும். ஆய்வில ஆக்களின்ர தனிப்பட்ட விவரங்களை எப்பிடிக் கையாளுறம் எண்டு பாக்கிற சிக்ட் எண்ட நிறுவனத்துக்குக் குடுக்கிற அறிவிப்புப் படிவத்தைத் தரவு சேர்க்க 30 நாளுக்கு முதலே அனுப்பிவிடுங்கோ, என்ர காலத்தில அதுக்கு வேற பேர். சின்ன ஊரில பேரை மாத்தினால் மட்டும் காணாது, வேலையும் பிள்ளையளின்ர தொகையும் வைச்சே கண்டுபிடிச்சிடுவினம். மேற்பார்வையாளரை முதல் பேரால கூப்பிடுங்கோ, சேர் எண்டால் அவைக்குச் சங்கடம். ஆனா அவை உங்களைத் தேடி வரமாட்டினம், நீங்கள்தான் எழுதி அனுப்பிப் போட்டு நேரம் கேக்கோணும்.

இன்னொண்டு. இஞ்ச இருவது வருஷமா இருந்தும் "நோர்வேக்காரர் குளிர் சனம்" எண்டு சொல்லிக்கொண்டு திரியிற எங்கட ஆக்களின்ர கதையை எடுக்காதேங்கோ, அவையில கனபேர் மொழியை வேலைக்குத் தேவையான அளவோட நிப்பாட்டினவை. "இதைப் படிச்சு என்ன வேலை" எண்டும் அவைதான் கேப்பினம். நான் அந்த மேசையில படிச்ச மொழியாலதான் இண்டைக்கு கொம்யூனில, எங்கட நகரசபை மாதிரி, அகதிப் பிள்ளையளோட வேலை செய்யிறன்.

என்ர தீசிஸில ஒரு அக்கா வாறா, ஒருநாள் எழும்பிப் போய்க் கோப்பி போட்டவா. எல்லையைக் கடந்த தருணம் எண்டு ஆறு பக்கம் எழுதினனான். குடுத்து முடிஞ்சு ஒரு வருஷத்துக்குப் பிறகு அவவின்ர மகள் அதை வாசிச்சுக் காட்டியிருக்கிறா. அக்கா ஃபோன் எடுத்தா. "பிள்ளை, அண்டைக்கு என்ர பிளாஸ்க் உடைஞ்சு போச்சு, அதான் போட்டனான்." குடுக்க முதலே அவவிட்ட வாசிச்சுக் காட்டியிருந்தால் அந்த ஆறு பக்கமும் வேற மாதிரி வந்திருக்கும், இண்டைக்கும் அது எனக்குக் கவலை. அனுப்ப முதல் ஒருக்காப் போய்க் கேளுங்கோ.

முதல் மாசக் குறிப்பில ரெண்டு பக்கம் அனுப்பினால் வாசிச்சுச் சொல்லுறன். ஜாக்கெட் பேர்கனில தண்ணி போகாததாப் பாத்து எடுங்கோ, குளிரை விட மழைதான் அங்க.