லுத்தேசியாவில் தங்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்க்கிறாள். எங்கள் திருமணத்தின் முப்பதாம் ஆண்டுக்காக என்னையும் என் கணவரையும் பாரிஸுக்கு அழைத்துப்போகிறாள். மற்ற இரவுகளுக்குச் சாதாரண விடுதி, ஓர் இரவுக்கு மட்டும் லுத்தேசியா என்ற பழைய பெரிய ஹோட்டல். முன்பதிவும் செய்துவிட்டாள். வாடகையை ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், லட்சத்தைத் தாண்டுகிறது. அதைக்கூட விட்டுவிடலாம், பிள்ளை ஆசையாகச் செய்கிறாள். ஆனால் அந்த ஹோட்டலைப் பற்றித் தேடிப் படித்தபோது, போர்க்காலத்தில் ஜெர்மன் ராணுவ உளவுத்துறை அங்கேதான் இருந்தது என்றும், 1945இல் வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்களை அங்கேதான் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்றும் தெரிந்தது. அன்றிலிருந்து மனம் ஒட்டவில்லை. அத்தனை பேர் அழுத இடத்தில் நாங்கள் போய் கேக் வெட்டுவதா? மகளிடம் சொன்னால் அவள் முகம் வாடிவிடும். சொல்லாமல் போனால் எனக்கு உறுத்தும். பாரிஸ் பற்றி நீங்கள் எழுதுபவர் என்பதால் கேட்கிறேன். அங்கே தங்குவது சரிதானா?

அன்புடன்,
ச., மதுரை

அன்புள்ள ச.,

தங்குங்கள். மகளிடமும் சொல்லுங்கள். இரண்டையும் தயங்காமல் செய்யலாம் என்றுதான் நினைக்கிறேன். நான் அங்கே தங்கியதில்லை. ஒரு மாலை அதன் மதுக்கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் 1945இல் அந்தக் கட்டடத்தில் நடந்தவற்றைப் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். உங்கள் உறுத்தல் நல்ல உறுத்தல். அது உங்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக விரிவாகவே எழுதுகிறேன்.

லுத்தேசியா 1910இல் திறக்கப்பட்டது. எதிரே சிறிய பூங்கா ஒன்று இருக்கும், அதைத் தாண்டினால் போன் மார்ஷே என்ற புகழ்பெற்ற பல்பொருள் அங்காடி. வெளியூரிலிருந்து சாமான் வாங்க வரும் வசதியான வாடிக்கையாளர்கள் தங்குவதற்காக அந்த அங்காடிக்காரர்கள் கட்டிய ஹோட்டல் இது. பாரிஸின் பெரிய ஹோட்டல்கள் பெரும்பாலும் சென் நதியின் வலது கரையில் இருக்க, இது இடது கரையில் எழுந்தது. முகப்பில் கல்லில் செதுக்கிய திராட்சைக் குலைகளைப் பார்ப்பீர்கள். பின்னாளில் பிரான்சின் அதிபரான சார்ல் டி கோல் 1921இல் திருமணம் முடித்து மனைவியுடன் முதலில் வந்து தங்கியது இங்கேதான். உங்கள் மகள் தெரிந்து தேர்ந்தெடுத்தாளோ தெரியாமலோ, திருமண நாளுக்குப் பொருத்தமான இடம்தான்.

1935, 36இல் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஜெர்மானியர்கள் இந்த ஹோட்டலில் கூடினார்கள். நாவலாசிரியர் ஹைன்ரிஹ் மன் தலைமையில் கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும் ஒன்றாக உட்கார்ந்து, நாஜிகளுக்கு எதிராக ஓர் அணி கட்ட முடியுமா என்று பேசினார்கள். முடியவில்லை. நான்கே ஆண்டுகளில், 1940 ஜூனில், பாரிஸ் விழுந்தது. ஜெர்மன் ராணுவ உளவுத்துறையான ஆப்வேர் அதே ஹோட்டலைக் கைப்பற்றிப் பாரிஸில் தன் தலைமையிடமாக்கிக்கொண்டது. சற்றுத் தள்ளி அதே சாலையில் ஷெர்ஷ் மிடி ராணுவச் சிறை இருந்தது. எதிர்ப்பியக்கத்தினரை அங்கே அடைத்தார்கள். ஹோட்டல் ஊழியர்கள் நான்கு ஆண்டுகள் ஜெர்மன் அதிகாரிகளுக்குப் பரிமாறினார்கள்.

1945 வசந்தத்துக்கு வருவோம். ஜெர்மனியிலிருந்து திரும்ப வேண்டிய பிரெஞ்சுக்காரர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் போர்க்கைதிகளும், கட்டாய வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களும். இளைத்திருப்பார்கள், களைத்திருப்பார்கள், ஆனால் தம் காலில் நடந்து வருவார்கள். அரசு செய்துவைத்த ஏற்பாடு அவர்களை நினைத்துச் செய்தது. ஓர்சே ரயில் நிலையத்தில் வரவேற்று, காகிதம் எழுதி, சாப்பாடு போட்டு ஊருக்கு அனுப்பிவிடலாம் என்பது கணக்கு. முகாம்களிலிருந்து வந்தவர்களைக் கண்டதும் அந்தக் கணக்கு உடைந்தது. முப்பது நாற்பது கிலோ எடையில் மனிதர்கள். கோடு போட்ட முகாம் உடையோடு வந்தவர்கள். டைஃபஸ் காய்ச்சல். ரயில் நிலையக் கூடத்தில் இவர்களை வைத்துக்கொள்ள முடியாது.

டி கோலின் தற்காலிக அரசு ஏப்ரல் இறுதியில் லுத்தேசியாவைக் கையகப்படுத்தி, முகாம்களிலிருந்து மீண்டவர்களுக்கென்றே ஒதுக்கியது. இந்த முடிவைத்தான் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு ராணுவக் குடியிருப்பிலோ கூடாரத்திலோ வைத்திருக்கலாம். அந்த நேரத்தில் அதுதான் சுலபம். அதை விட்டுவிட்டு நகரத்தின் நடுவில், சலவை செய்த விரிப்பும் வெந்நீரும் மின்தூக்கியும் தொலைபேசியும் உள்ள இடத்தைக் கொடுத்தார்கள். ஒரு பெரிய ஹோட்டலுக்கு என்ன தெரியும்? நள்ளிரவில் வருபவருக்கும் சூடாக உணவு கொடுக்கத் தெரியும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான படுக்கைகளை மாற்றத் தெரியும். முன்பின் தெரியாதவரை வாசலில் நின்று வரவேற்கத் தெரியும். அந்தத் தொழில்திறன் முழுவதும் அந்த மாதங்களில் அதை மிகவும் தேவைப்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நீங்கள் கூச்சப்படும் அந்த ஆடம்பரம்தான் அன்று உதவியது, ச.

பேருந்துகள் இரவும் பகலும் வந்தன. வாசலிலேயே பூச்சிமருந்து அடித்தார்கள். பிறகு மருத்துவப் பரிசோதனை, விசாரணை. விசாரணை ஏன் என்றால், ஜெர்மானியர்களோடு சேர்ந்து வேலை பார்த்த சிலர் முகாம்வாசிகள்போல உள்ளே நுழையப் பார்த்தார்கள். அதன் பிறகு துணி, கொஞ்சம் பணம், அடையாள அட்டை, ஊருக்குப் போகப் பயணச் சீட்டு. சாரணர் இயக்கச் சிறுவர்கள் தாங்குகட்டில் தூக்கினார்கள். பட்டினி கிடந்த உடம்பு கொழுப்பான உணவைத் தாங்காது என்பதால் பார்த்துப் பார்த்து உணவு கொடுக்க வேண்டியிருந்தது. மெத்தையில் தூக்கம் வராமல் கம்பளத்தின்மேல் இறங்கிப் படுத்தவர்களைப் பற்றிப் பல சாட்சியங்களில் படிக்கலாம். உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ளக்கூடிய அறை ஒன்று அவர்களில் பலருக்குப் பல மாதங்களுக்குப் பிறகு, சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்தது. ஆகஸ்ட் வரையில் ஏறக்குறைய 20,000 பேர் அந்த வாசல் வழியாக வந்துபோனதாக மதிப்பிடுகிறார்கள்.

வெளியே காத்திருந்தவர்களின் கதைதான் கனமானது. தேர்தல் விளம்பரத்துக்கு வைத்த பலகைகளில் காணாமல் போனவர்களின் படங்களை ஒட்டினார்கள். பெயர், கடைசியாகப் பார்த்த இடம், கொண்டுபோன தேதி. பேருந்திலிருந்து இறங்கும் ஒவ்வொருவரிடமும் படத்தை நீட்டினார்கள். படத்தில் இருப்பவரோ முடி வாரி, கன்னம் நிறைந்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு சிரிப்பவர். முகாமில் அவரோடு ஒரே பலகையில் படுத்திருந்தவருக்கும் அந்த முகம் தெரியாது. பிறகு பாடகியாகப் புகழ்பெற்ற ஜூலியெத் கிரெக்கோ, ராவன்ஸ்ப்ரூக் முகாமிலிருந்து வந்த தாயையும் அக்காவையும் இங்கேதான் திரும்பக் கண்டார். அது கொடுத்துவைத்தவர்களின் கதை. பிரான்சிலிருந்து கொண்டுபோகப்பட்ட யூதர்கள் சுமார் 76,000 பேர். திரும்பியவர்கள் சில ஆயிரம் பேர்தான்.

இந்த மையத்தைப் பொறுப்பேற்று நடத்திய பெண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சபீன் ஸ்லாத்தின், போலந்தில் பிறந்த யூதப் பெண், செவிலியர். கணவர் மிரோனுடன் இசியூ என்ற மலைக் கிராமத்தில் யூதக் குழந்தைகளை ஒளித்துவைத்து வளர்த்தார். அந்த இடமும் ஆபத்தாகிவிட்டது என்று குழந்தைகளுக்கு வேறு இடம் தேடி மோன்பெலியே நகருக்குப் போயிருந்தபோது, 1944 ஏப்ரல் 6 அன்று, லியோன் நகரில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாப்போவின் அதிகாரி க்ளவுஸ் பார்பியின் ஆணைப்படி 44 குழந்தைகளையும் 7 பெரியவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். குழந்தைகளில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. மிரோனை எஸ்டோனியாவில் சுட்டுக் கொன்றார்கள். பெரியவர்களில் லெயா ஃபெல்ட்ப்ளும் என்ற பெண் ஒருவர்தான் உயிரோடு வந்தார். இத்தனையையும் இழந்த சபீன், ஏறக்குறைய ஓராண்டு கழித்து லுத்தேசியாவில் நின்று மற்றவர்களின் பிள்ளைகளையும் கணவர்களையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். எத்தனை படுக்கை காலி, யாருக்குப் பால், யாருக்குக் கஞ்சி என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1987இல் லியோனில் பார்பி மீது நடந்த வழக்கில் தன் எண்பதாம் வயதில் சாட்சிக் கூண்டில் நின்று குழந்தைகளுக்காகப் பேசினார். 1945இல் அவர் செய்த வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அதனால்தான் சொல்கிறேன். அந்தக் கட்டடம் துயரத்தின் இடம் மட்டுமாக உங்களுக்குத் தெரிகிறது. அங்கே வந்தவர்களுக்குத் துயரம் நடந்த இடங்கள் வேறு: ஆவுஷ்விட்ஸ், புகென்வால்ட், ராவன்ஸ்ப்ரூக். லுத்தேசியா அவர்களுக்கு முதல் குளியல், முதல் தொலைபேசி அழைப்பு, முதல் வெள்ளை விரிப்பு. முப்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த இருவர் அங்கே மகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது அவர்களில் யாருக்கும் அவமதிப்பு ஆகாது. மறந்துவிட்டுச் சாப்பிட்டால்தான் எனக்கு வருத்தமாக இருக்கும். நீங்கள் மறப்பவர் இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. மகள் வாடிவிடுவாள் என்று பயப்படாதீர்கள். அம்மா இவ்வளவு படித்துவிட்டு வந்திருக்கிறாள் என்றால் எந்தப் பெண்ணுக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

போகும்போது சில விஷயங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். மெட்ரோவில் வந்தால் செவ்ர் பாபிலோன் நிலையத்தில் இறங்குங்கள், ஹோட்டல் எதிரிலேயே. உள்ளே போகும் முன் ரஸ்பாய் சாலைப் பக்கம் சுவரில் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. பிரெஞ்சு தெரிந்த யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். விடுதலையும் உறவுகளும் கிடைத்தவர்களின் மகிழ்ச்சி, இங்கே வீணாகக் காத்திருந்த குடும்பங்களின் வேதனையை அழித்துவிடாது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வாசகம் அது. 2014 முதல் 2018 வரை ஹோட்டலை மூடிப் புதுப்பித்தார்கள். அப்போது மதுக்கூடத்தின் கூரையில் பல அடுக்கு வண்ணப்பூச்சுக்குக் கீழே பழைய சுவரோவியம் ஒன்று கிடைத்து, அதைப் பொறுமையாகச் சுரண்டி மீட்டார்கள். மாலையில் போய் அண்ணாந்து பாருங்கள். அறை வாடகை கொடுத்தவர்கள்தான் பார்க்க வேண்டும் என்றில்லை, ஒரு காபிக்கும் அனுமதி உண்டு.

அடுத்த நாள் நேரம் இருந்தால் மரே பகுதியில் உள்ள ஷோவா நினைவகத்துக்கு, அதாவது நாஜிகளின் யூதப் படுகொலையை நினைவுகூரும் இடத்துக்குப் போங்கள். பிரான்சிலிருந்து கொண்டுபோகப்பட்ட யூதர்களின் பெயர்களை அங்கே சுவர்களில் பொறித்திருக்கிறார்கள். இசியூ குழந்தைகளின் பெயர்களும் அவற்றில் உண்டு. சனிக்கிழமை விடுமுறை என்பதால் நாள் பார்த்துத் திட்டமிடுங்கள்.

உங்கள் இருவருக்கும் என் வாழ்த்துகள்.