நியூயார்க்கில் வீட்டுக்குக் கட்டடத் துறை சம்மன் வந்திருக்கிறது, அபராதத்தைக் கட்டிவிட்டால் முடிந்ததா?

முடியாது. குயின்ஸிலோ புரூக்ளினிலோ ஒரு பழைய வீட்டை வாங்கியிருப்பீர்கள், வேலை முடிந்து வந்து பார்த்தால் கதவில் காகிதம் ஒட்டியிருக்கும், வயிற்றைக் கலக்கியிருக்கும், கார்டு நம்பரைப் போட்டுக் கட்டித் தொலைத்துவிடலாம் என்று தோன்றியிருக்கும். கேள்வியிலேயே தெரிகிறது. கட்டாதீர்கள் என்று சொல்லவில்லை, கட்டினால் பாதிதான் தீரும் என்கிறேன்.

இதில் இரண்டு இடங்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. சம்மன் கொடுப்பது கட்டடத் துறை. விசாரிப்பது ஓ.ஏ.டி.எச். என்கிற தனித் தீர்ப்பாயம். அபராதம் தீர்ப்பாயத்தோடு முடிந்துவிடும். ஆனால் குறையைச் சரிசெய்துவிட்டேன் என்று ஆதாரத்தோடு 'சர்டிஃபிகேட் ஆஃப் கரெக்‌ஷன்' போட்டு அதைக் கட்டடத் துறை ஏற்றுக்கொள்ளும்வரை வீட்டின் பேரில் அந்த மீறல் அப்படியே நிற்கும். என் சகலை அபராதம் கட்டிய ரசீதை ஃபைலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார். பிற்பாடு வட்டி குறைந்தபோது ரீஃபைனான்ஸ் பண்ணப் போனால், வீட்டின் பத்திரப் பதிவுகளைத் தேடிப் பார்க்கும் டைட்டில்காரர்கள் "மீறல் ஒன்று ஓப்பனாக இருக்கிறதே" என்று கடனை நிறுத்திவிட்டார்கள். மனுஷன் ரசீதைத் தூக்கிக்கொண்டு எல்லோரிடமும் கத்தினார். வேலைக்காகவில்லை.

அதைப் பார்த்திருந்ததால் எங்களுக்கு வந்தபோது நான் சுதாரித்தேன். நாங்கள் வாங்கிய வீட்டின் பேஸ்மெண்டில் முன்பு இருந்தவர் சிங்க், ஷவர், ஒரு தடுப்புச் சுவர் எல்லாம் போட்டு வைத்திருந்தார், எதற்கும் பெர்மிட் இல்லை. யாரோ 311-க்கு, அதாவது நகரத்தின் புகார் எண்ணுக்குப் புகார் செய்திருக்கிறார்கள். யாரென்று தெரியும், இங்கே எழுத மாட்டேன். வந்த இன்ஸ்பெக்டர் மரியாதையான ஆள்தான். டார்ச் அடித்துக்கொண்டே போனவர் மூலையில் இருந்த கிரைண்டரின் குழவிக்கல்லைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். இட்லிக்கு மாவாட்டுகிற மெஷின், மேலே வைத்தால் சத்தம் தாங்காது என்று மனைவி விளக்கினாள். பக்கத்திலேயே அம்மா ஊரிலிருந்து வந்தபோது மத்தியானம் சாய்வதற்குப் போட்ட ஒற்றைக் கட்டில் வேறு. "இங்கே யார் குடியிருக்கிறார்கள்?" என்பதை வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. 2021-ல் ஐடா புயல் மழையில் இந்த நகரத்தில் இறந்த 13 பேரில் 11 பேர் பேஸ்மெண்டில் மாட்டிக்கொண்டவர்கள், பெரும்பாலும் எங்கள் குயின்ஸில். கட்டிலும் சிங்க்கும் ஒரே அறையில் இருந்தால் ஆள் குடிவைத்திருக்கிறோமோ என்று சந்தேகம் வரத்தான் செய்யும்.

"விதியை மீறிவிட்டு வழி சொல்லித் தர வந்துவிட்டான்" என்று கமெண்ட் போடக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நாங்கள் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. போட்டதும் நாங்கள் இல்லை. ஆனால் 'முந்தைய ஓனர் வேலை' என்ற வாதத்தை ரொம்ப நம்பாதீர்கள், இன்று பத்திரம் உங்கள் பேரில் இருக்கிறதா, பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

முதலில் சம்மனில் எந்த கிளாஸ் என்று பாருங்கள். கிளாஸ் 1 என்றால் உடனடி ஆபத்து, உச்ச அபராதம் 25,000 டாலர். கிளாஸ் 2-க்கு 10,000 டாலர், கிளாஸ் 3-க்கு 500. இவையெல்லாம் உச்சம், வழக்கமாக விழுவது குறைவு. 'க்யூர்' தேதி என்று ஒன்று அச்சிட்டிருந்தால் அதிர்ஷ்டம், அதற்குள் சரிசெய்து சான்றும் ஏற்கப்பட்டால் விசாரணையும் இல்லை, அபராதமும் இல்லை. பேஸ்மெண்டை உண்மையாகவே வாடகைக்கு விட்டு கிளாஸ் 1 வாங்கியிருந்தால் என் பதிலை இங்கேயே மூடிவிட்டு நல்ல வக்கீலைப் பாருங்கள்.

எங்களுடையது கிளாஸ் 2. லைசென்ஸ் உள்ள பிளம்பரை வைத்துத்தான் குழாயைத் துண்டித்து மூட வேண்டும், தெரிந்த ஹேண்டிமேனை வைத்து மூடினால் அது அடுத்த சம்மனுக்கு அச்சாரம். சுவரை எடுப்பதற்கு முன்னும் பின்னும் தேதியோடு படம் எடுத்தேன், பிளம்பரின் பில், பெர்மிட் எண் எல்லாம் சேர்த்தேன். முதல் விசாரணைத் தேதிக்கு முன்பே சரிசெய்துவிட்டதைக் காட்டினால் அபராதம் குறைய வாய்ப்புண்டு. அதற்காகத்தான் இந்த ஓட்டம்.

இதற்கிடையில் தபால்பெட்டியில் கடிதங்கள் குவியும். சம்மன் பொதுப் பதிவு என்பதால் முகவரியைப் பார்த்து எக்ஸ்பெடைட்டர்கள், அதாவது காசு வாங்கிக்கொண்டு கட்டடத் துறை வேலைகளை முடித்துத் தருகிறவர்கள் எழுதுவார்கள், சிலது அரசாங்கக் கடிதம் போலவே இருக்கும். பயப்படாதீர்கள்.

விசாரணை போனில்தான் நடந்தது. உறுதிமொழி வாங்கிக்கொண்டார்கள், விசாரித்த அதிகாரி கட்டடத் துறை ஆள் இல்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. வக்கீல் கட்டாயமில்லை. வீடு அப்பா அம்மா பேரில் இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், காசு கிடையாது. எங்களுக்கு அபராதம் பாதியானது. அப்புறம்தான் கட்டடத் துறைக்குக் கரெக்‌ஷன் சான்று அனுப்பி, அது ஏற்கப்பட்டு, இணையத்தில் என் முகவரியைத் தட்டிப் பார்த்து மீறல் முடிந்ததாகக் காட்டியதும் சகலைக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். பெருமைதான், இருக்கட்டுமே.

அபராதம் கட்டுவதில்கூட எனக்கு வருத்தமில்லை, சொத்து வரிதான் எரிகிறது. எங்கள் மாதிரி சின்ன வீடுகளுக்கு மதிப்பீடு வருஷத்துக்கு 6 சதவீதம், ஐந்து வருஷத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று சட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விலை எகிறிய புரூக்ளின் பார்க் ஸ்லோப்பில் பல கோடி ரூபாய் வீட்டுக்காரர் அந்த உச்சவரம்பின் நிழலில் உட்கார்ந்திருக்கிறார், விலை மெதுவாக ஏறிய தென்கிழக்கு குயின்ஸில் இருக்கிறவன் வீட்டு மதிப்போடு பார்த்தால் அவரைவிட அதிக விகிதத்தில் கட்டுகிறான். இதைக் கேட்க 311-இல் ஒரு பட்டன் கிடையாது. சரி, கேள்விக்கு வருகிறேன்.

எது செய்தாலும் விசாரணையைத் தவறவிடாதீர்கள். "போகாவிட்டால் ஒன்றும் ஆகாது" என்று கோயில் கேன்டீனில் சொல்கிறவர்கள் யாரும் உங்கள் அபராதத்தைக் கட்டப் போவதில்லை. வராதவருக்கு அபராதம் கூடும், கட்டாவிட்டால் கோர்ட் தீர்ப்பாகப் பதிவாகி வட்டியும் ஏறும். தேதி ஒத்துவராவிட்டால் முன்கூட்டியே மாற்றிக் கேட்கலாம்.

நான் வக்கீல் இல்லை, என் வீட்டில் நடந்ததைத்தான் சொன்னேன். உங்கள் சம்மனில் என்ன கிளாஸ், க்யூர் தேதி இருக்கிறதா என்று மட்டும் கமெண்டில் எழுதுங்கள். சம்மன் எண்ணைப் போட வேண்டாம், அதை வைத்து யார் வேண்டுமானாலும் உங்கள் முகவரியை எடுத்துவிடலாம்.